வியட்நாம் படக் காப்பகங்களுக்கு: அன்று ஒதுக்கிய படங்களையும் அச்சிடுங்கள்

ஹனோயில் உள்ள வியட்நாம் செய்தி முகமையின் படக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கும், வியட்நாம் புகைப்படக் கலைஞர்கள் சங்கத்தினருக்கும்,

வணக்கம்.

அமெரிக்காவுடனான போரில் எடுத்த உங்கள் படங்களைப் பற்றித் தமிழ்நாட்டிலிருந்து ஒருவன் யோசனை சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களைக் கழுவி, பிரிண்ட் போட்டுப் பழகியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. உரிமையோடு திட்டவில்லை, ஆசையோடு கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போர்க்காலப் புகைப்படக்காரர் வோ ஆன் கான் 1970இல் தென்கோடியில் உள்ள கா மாவ் சதுப்புக் காட்டில் எடுத்த ஒரு படம் இன்று உலகம் முழுக்கத் தெரியும். சேற்றுத் தண்ணீருக்கு நடுவே, கொசுவலை கட்டிய இடத்தில் அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு நடக்கிறது. குண்டுவீச்சில் காயம்பட்டவரைத் தூக்கி வருகிறார்கள். எடுத்தவருக்கு இது ஒரு பெரிய படமாகவே தோன்றவில்லை. அங்கே அன்றாடம் நடப்பதுதானே என்று விட்டுவிட்டார், பிரிண்ட் போடவும் இல்லை. நெகட்டிவ் மட்டும் பிழைத்தது. அமெரிக்கர்களின் தோட்டாப் பெட்டி ஒன்றில் அரிசியைப் பரப்பி, அதன் மேல் ஃபிலிமை வைத்திருந்தார். ஈரத்தை அரிசி குடித்துக்கொண்டது. பல பெரிய காப்பகங்களுக்கு இல்லாத புத்தி என்றுதான் சொல்வேன்.

இப்படி இன்னும் எத்தனை ஃபிரேம் கிடக்கிறதோ! போர்க்காலத்தில் எதை அச்சிடுவது என்பதை முடிவு செய்தவர்களுக்கு வெற்றியும் உறுதியும் சிரிப்பும் தேவைப்பட்டன. அதில் தப்பில்லை, அது அன்றைய வேலை. களைப்பு, பயம், தங்கள் பக்கத்துச் சாவு, சும்மா உட்கார்ந்து சோறு தின்பது எல்லாம் ரோலிலேயே தங்கிவிட்டன. என் கோரிக்கை இதுதான்: புகழ்பெற்ற அதே படங்களை மறுபடியும் பெரிதாக்கி மாட்டுவதை விடுங்கள். முழு ரோலையும் கான்டாக்ட் ஷீட்டாக, அதாவது எல்லா ஃபிரேமும் சிறிதாக ஒரே தாளில் தெரியும்படி போட்டு, ஒதுக்கியவற்றிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

அவசரம் ஏன் என்றால், அந்த ஃபிலிம் பிறந்த விதம் அப்படி. காட்டில் இரவு இருட்டுதான் டார்க் ரூம், கையில் கிடைத்த தட்டுதான் டிரே, ஓடைத் தண்ணீர்தான் கழுவ. படத்தை நிலைநிறுத்தப் போடும் ஹைப்போ என்ற ரசாயனம் முழுக்கப் போக நிறையத் தண்ணீரும் நேரமும் வேண்டும். தலைக்கு மேல் விமானம் சுற்றும்போது அதற்கு யாருக்குப் பொறுமை? தங்கிப்போன ஹைப்போ மெதுவாகப் படத்தில் இருக்கும் வெள்ளியைத் தின்னும், படம் மஞ்சளித்து மங்கும். போதாததற்கு அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது வினிகர் வாடை அடிக்கும். ஒரு ரோலுக்கு அது வந்தால் அந்த ஆவி பெட்டியில் பக்கத்தில் இருக்கும் ரோலையும் கெடுக்கும். பிப்ரவரி, மார்ச்சில் சுவரும் தரையும் வியர்க்கிற ஹனோயில் இது என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ந்த, உலர்ந்த அறை ஒன்றுதான் வழி. வாடை வந்த ரோல்களை உடனே பிரித்து வையுங்கள்.

ஸ்கேன் செய்துவிட்டோமே என்பீர்கள். ஸ்கேன் தேவைதான், நெகட்டிவுக்கு மாற்று அல்ல. பிரான்சின் பெர்பிஞான் புகைப்பட விழாவில் 2014இல் உங்கள் மூத்த கலைஞர் ஒருவரின் படம் சர்ச்சைக்குள்ளானதே, கணினியில் ஒட்டுவேலை செய்த பிரதி என்று. அப்படிப்பட்ட நேரத்தில் மூல ஃபிலிம் நல்ல நிலையில் கையில் இருந்தால், எடுத்துக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆகவே பிரிண்ட் போடும்போது ஓரம் வெட்டாமல், கீறலை மறைக்காமல், முழு ஃபிரேமையும் நீண்ட நாள் நிற்கும் ஃபைபர் தாளில் போடுங்கள்.

அப்புறம், வீடுகளில் இருப்பவை. குளியலறைத் தொட்டிக்குக் கீழே கிடந்த நெகட்டிவ்கள்கூட முன்பு கிடைத்திருக்கின்றன. அவற்றை ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டால் குடும்பங்கள் தயங்கும். பொருள் அவர்களுடையதாகவே இருக்கட்டும், பாதுகாப்பு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஒரு செட் பிரிண்டை அவர்கள் கையில் கொடுங்கள். படத்தில் இருப்பது யார், எந்த ஊர் என்று சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். முதலில் அவர்களிடம் போங்கள், அறை கட்டும் டெண்டர் பின்னால் வரட்டும்.

இன்னொன்று, இது உங்களுக்குச் சங்கடமானது. தெற்கில் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களுக்காகவும் வடக்கை எதிர்த்த சைகோன் அரசின் ராணுவத்துக்காகவும் படமெடுத்தவர்களும் வியட்நாமியர்தான். ஏபி என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஹுயின் தான் மி 1965இல் மெகாங் வடிநிலத்தில் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பிலும் இறந்த 135 புகைப்படக்காரர்களை நினைவுகூரும் ‘ரெக்வியம்’ படத்தொகுப்பு ஹோ சி மின் நகரின் போர் எச்சங்கள் அருங்காட்சியகத்திலேயே தொங்குகிறது. இறந்தவர்களை ஒரே சுவரில் மாட்ட முடிந்த நாட்டுக்கு, அவர்கள் நெகட்டிவ்களை ஒரே அறையில் வைப்பது முடியாத காரியமா?

உங்கள் முகமை மட்டுமே போர்களில் ஏறக்குறைய 260 பேரை இழந்திருக்கிறது. புதிய பிரிண்ட்களின் முதல் கண்காட்சியை ஹனோயில் வைக்காதீர்கள். வோ ஆன் கான் தன் படங்களை அந்தக் காலத்தில் சதுப்புக் காட்டிலேயே மாட்டிக் காட்டியவர். கா மாவில் தொடங்குங்கள். அங்கே யாராவது வந்து, ‘இது எங்க அண்ணன்’ என்று விரல் வைத்தால், அதைக் குறித்துக்கொள்ள ஒரு ஆளையும் நோட்டையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் படங்களின் ரசிகன்