நியூட்டன் கதைய மாணவர்கள்கிட்ட சொல்றத நிறுத்துங்க

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெருந்தொற்று மாதிரி ஒரு நேரத்துல காலேஜ் பசங்க மனச எப்படி திடமா வெச்சுக்கணும்னு யாரு எழுத ஆரம்பிச்சாலும் நியூட்டன் கதை வந்து நின்னுடுது. 1665ல பிளேக் பரவி கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டிய மூடினாங்க, அவரு சொந்த ஊருக்குப் போயி அங்க உக்காந்தே கால்குலஸ், ஒளி, ஈர்ப்புவிசைன்னு யோசிச்சாரு, அதனால நீங்களும் கிடைச்ச லீவ வீணாக்காதீங்கன்னு. கொரோனா டைம்ல நான் காலேஜ் படிச்சிட்டு இருந்தேன், இந்த ஃபார்வர்ட் வராத வாட்ஸ்அப் குரூப்பே கிடையாது. கதை பொய்யில்ல. ஆனா நியூட்டன் அந்த வருஷமே டிகிரி வாங்கிட்டாரு, அவருக்கு இன்டர்னல் மார்க் இல்ல, எக்ஸாம் பாதியில நெட்வொர்க் போயிடுமோங்கிற பயம் இல்ல, ஒரே போன வெச்சுக்கிட்டு தம்பி தங்கச்சி கிளாஸ் முடியுற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டியதில்ல. அந்தக் கதைய ஒரு பையன்கிட்ட சொன்னா அவனுக்கு தெம்பு வராது, நாம எதுக்கும் லாயக்கில்ல போலன்னு தான் தோணும்.

2020 மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவ பெருந்தொற்றுன்னு சொல்லிச்சு, அடுத்த சில வாரத்துலயே 190க்கும் மேற்பட்ட நாடுகள்ல 150 கோடிக்கு மேல மாணவர்கள் கல்விக்கூடம் போக முடியாம ஆயிட்டாங்கன்னு யுனெஸ்கோ கணக்கு சொல்லுது. அவ்வளவு பேருக்கும் கிடைச்ச அட்வைஸ் பெரும்பாலும் ஒண்ணு தான், பாசிட்டிவா இரு. எப்படி இருக்கிறதுன்னு யாரும் சொல்லல.

நான் பக்கத்துல இருந்து பாத்தத வெச்சு சொல்றேன், அந்த நாட்கள்ல ஓரளவு நல்லா தாக்குப்பிடிச்சவங்க எப்பவும் சிரிச்சிட்டு இருந்தவங்க இல்ல, இன்னொருத்தருக்கு ஏதாவது ஒரு வேலை செஞ்சிட்டு இருந்தவங்க தான். கிளாஸ்ல ஒரு பொண்ணு லெக்சர கேட்டு நோட்ஸ் எழுதி, டேட்டா இல்லாதவங்களுக்காக சின்ன ஆடியோவா பேசி அனுப்புவா, அவ வீட்லயும் ரெண்டு பேருக்கு கொரோனா. உனக்கு கஷ்டமா இல்லையான்னு கேட்டதுக்கு, இது ஒண்ணு இருக்கிறதால தான் காலைல எந்திரிக்கிறேன்னு சொன்னா. அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டி மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ், கிளினிக்கல் டிரெய்னிங் நின்னு போனதும் சும்மா இருக்காம, ஆஸ்பத்திரில வேலை பாக்குறவங்களோட குழந்தைகள பாத்துக்கிறது, அவங்களுக்கு வெளி வேலை முடிச்சுக் குடுக்கிறதுன்னு ஆரம்பிச்சாங்க, அப்புறம் வேற ஊர் மாணவர்களும் அதே மாதிரி செஞ்சாங்க. பயம் போச்சான்னா போகல, ஆனா கைக்கு ஒரு வேலை இருந்துச்சு, தன்னால யாருக்கோ ஒரு பயன் இருக்குன்னு தெரிஞ்சுச்சு.

இது வெறும் என் அபிப்பிராயம் இல்லைங்க. எய்ட்ஸ் வந்த துணைய வீட்ல வெச்சு கவனிச்சவங்கள பத்தி சூசன் ஃபோக்மன்ங்கிற உளவியலாளர் ஆராய்ச்சி பண்ணி 1997ல எழுதினாங்க. அவ்வளவு துயரத்துக்கு நடுவுலயும் அந்த ஆளுங்களுக்கு நல்ல உணர்வுகளும் கூடவே இருந்துச்சு, தான் செய்யுறதுல ஒரு அர்த்தம் தெரிஞ்சதும் சின்ன சின்ன விஷயங்கள்ல சந்தோஷப்பட்டதும் அவங்கள தாங்கிப் பிடிச்சுச்சுன்னு கண்டாங்க. சோகமும் தெம்பும் ஒரே நேரத்துல ஒரு மனசுல இருக்கலாம், இத ஒரு பத்தொன்பது வயசுப் புள்ளைக்கு யாராவது எடுத்துச் சொல்லணும். அழுதா நாம தோத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க போன்ல செய்திய ஸ்க்ரோல் பண்ணிட்டு தூங்காம கிடந்தவங்க ஏராளம்.

இன்னொரு வழி பைசா செலவில்லாதது, எழுதுறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர்ங்கிற உளவியலாளர் 1986ல வெளியிட்ட ஆராய்ச்சியே காலேஜ் மாணவர்கள வெச்சு செஞ்சது தான், தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிஷம், மனச அழுத்துற விஷயத்த நடந்ததையும் உணர்ந்ததையும் சேத்து எழுதச் சொன்னாரு. எழுதி முடிச்ச உடனே மனசு இன்னும் பாரமா தான் இருந்துச்சாம், ஆனா அடுத்த சில மாசத்துல அவங்க ஹெல்த் சென்டருக்குப் போனது மத்தவங்கள விட குறைவு. எல்லாருக்கும் இது ஒத்துவரும்னு சொல்லல, எழுத எழுத ரொம்ப மோசமா இருந்தா நிறுத்திட்டு ஒரு கவுன்சிலர்கிட்ட பேசுறது தான் சரி. தூக்கம், உடற்பயிற்சி எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது தான், ராத்திரி 7 மணி நேரமாவது தூங்கணும், வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்ப அசைக்கணும், ரூமுக்குள்ள நடந்தாலும் போதும்.

ஆனா எல்லாத்தையும் மாணவன் தலையில கட்டிட்டு காலேஜ் ஒதுங்கிக்கிறது தான் எனக்கு பொறுக்கல. நம்ம கையில இருக்கிற பிரச்சனைய தீர்க்கப் பாக்கணும், கையில இல்லாததுக்கு மனச பக்குவப்படுத்தணும்னு ரிச்சர்ட் லாசரஸ்ங்கிற உளவியலாளரும் ஃபோக்மனும் 1984லயே எழுதினத சுருக்கமா சொல்லலாம். எக்ஸாம் எப்ப, எப்படி நடக்கும்ங்கிறது மாணவன் கையில இல்ல, காலேஜ் கையில தான் இருக்கு. தேதி முடிவாகலன்னா முடிவாகல, இந்த நாள்ல சொல்றோம்னு ஒரு வரி போட்டா கூட பாதி தவிப்பு குறையும். அந்த ஒரு வரி எங்க பேட்ச்க்கு கடைசி வரைக்கும் வரல.

2023 மே 5ஆம் தேதி கொரோனாவுக்கான சர்வதேச அவசரநிலை முடிஞ்சதா உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சுடுச்சு, ஆனா அடுத்த பெருந்தொற்று வராதுன்னு எந்த விஞ்ஞானியும் சொல்லல. அதுக்குள்ள காலேஜுங்க கவுன்சிலர் நம்பர அட்மிஷன் அன்னைக்கே குடுக்கணும், மாணவர்கள் செய்யுற தொண்டுக்கு கிரெடிட் குடுக்கணும், அட்டென்டன்ஸ் எடுக்காம சும்மா பேசிக்கிற ஒரு மணி நேரத்த டைம்டேபிள்லயே போடணும். உங்க பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள், இனிமே இந்த விஷயத்துல நிபுணர் டிப்ஸ் போடுறப்போ பக்கத்துலயே பாதி இடம் ஒதுக்கி அந்த நேரத்துல படிச்ச பசங்களையே எழுதச் சொல்லுங்க, கூப்பிட்டா எழுத நிறைய பேர் இருக்கோம்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் கல்லூரி மாணவி