பிரீடிங் செட் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வண்ண மீன் வளர்ப்பு பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோய்களைப் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது, அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் குஞ்சு எடுக்க ஆசைப்படுகிறவர்கள், எந்த மீனாக இருந்தாலும், முதலில் பிரீடிங் பாக்ஸ் (குஞ்சு போடும்வரை தாய் மீனைத் தனியே விட்டுவைக்கிற பெட்டி), தனி ஃபில்டர், ஆர்ட்டீமியா (மீன் குஞ்சுக்குத் தீனியாகும் பொடி உப்புநீர் இறால்) பொரிக்கும் கருவி என்று ஒரு செட்டாக வாங்கிவிட வேண்டும் என்று போட்டிருந்தீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. கட்டுரையோடு வந்த படத்திலும் ஒரு தப்பு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நானும் ஆரம்பத்தில் அந்தச் சின்ன கண்ணாடிப் பெட்டியைத்தான் வாங்கினேன். வயிறு உப்பி, பின்பக்கம் கரும்புள்ளி தெரிந்த கப்பி ஒன்றைப் பிடித்து அதில் விட்டேன். இரண்டு நாள் முழுக்க அது சுவரில் மூக்கை முட்டிக்கொண்டே இருந்தது, மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் நாலே நாலு குஞ்சு போட்டுவிட்டுச் செத்துக் கிடக்கிறது. மீனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு அடுத்த மீனையும் விட்டேன், அதுவும் போனது. பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது, சுவரில் நாலைந்து கீற்று தவிர ஓட்டையே இல்லை, உள்ளே இருக்கிற தண்ணீர் அப்படியே தேங்கிக் கிடந்திருக்கிறது.

அதன்பிறகு ஒரு பழைய பிளாஸ்டிக் கூடையைச் சால்டரிங் அயர்னால் குத்தி, நாலைந்து மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுற்றிலும் ஓட்டை போட்டேன் (ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை). வேறு மீன் இல்லாத, செடி நிறைந்த தொட்டியில் கூடையை மிதக்கவிட்டு, தாயை உள்ளே விட்டால் போதும், பிறக்கிற குஞ்சு ஓட்டை வழியாக வெளியே ஓடிவிடும், தாய் துரத்தித் தின்ன முடியாது. உருகிய பிளாஸ்டிக் ஓட்டையின் விளிம்பில் முள் முள்ளாக நிற்கும், அதை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் கொஞ்சம் பஞ்சை எடுத்து உள்பக்கம் தடவிப் பாருங்கள். பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அங்கே மீனின் வாலும் மாட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, கூடை கப்பி, மோலி, பிளாட்டி மாதிரி குட்டி போடுகிற மீனுக்குத்தான் சரி. முட்டையைக் கண்ட இடத்தில் இறைக்கிற ஜீப்ரா டேனியோவுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை, அதற்குத் தொட்டியின் அடியில் கோலிகுண்டை இரண்டு அடுக்காகப் பரப்பினால் முட்டை இடுக்கில் விழுந்துவிடும், பெற்றதுகளே தின்ன வழியில்லாமல் போகும். காலை வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில் முட்டை போட்டு முடித்துவிடும், அப்புறம் பெரிய மீன்களை எடுத்துவிடலாம். செடியில் முட்டையை ஒட்டுகிற கில்லி மீன் வகைகளுக்கு வேறு கதை, அதற்குச் செடிபோல ஏதாவது வேண்டும். செயற்கைக் கம்பளி நூலை ஒரு புத்தகத்தைச் சுற்றிச் சுற்றி, ஒரு முனையில் இறுக்கிக் கட்டி, மறுமுனையை வெட்டி, கார்க்கில் கோத்து மிதக்கவிட்டால் அந்த இழைகளில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். சாயம் இறங்காத வரை வெந்நீரில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பருத்தி நூல் வேண்டாம், அழுகிவிடும். ஃபைட்டர் மீனுக்கு இதைவிடச் சுலபம், பார்சலில் சுற்றி வரும் குமிழ் ஷீட்டில் உள்ளங்கை அளவு வெட்டித் தண்ணீர்மேல் போட்டால் ஆண் மீன் அதன் அடியிலேயே நுரைக்கூடு கட்டிவிடும். எந்த மீன் எப்படி முட்டை போடுகிறது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி என்று எப்படி எழுதினீர்களோ தெரியவில்லை.

ஃபில்டருக்கு வருகிறேன். குஞ்சுத் தொட்டியில் மோட்டார் ஃபில்டர் போட்டால் குஞ்சை உறிஞ்சிவிடும், அதனால் ஸ்பான்ஞ் ஃபில்டர்தான் என்று கட்டுரை சொன்னது சரி. ஆனால் அதை வாங்க என்ன இருக்கிறது? அரை இஞ்ச் பிவிசி குழாயில் ஒரு சாண் நீளம் வெட்டி, கீழ்ப்பாதியில் ஓட்டை போட்டு, அடியை மூடி, ஸ்பான்ஞ் கட்டியின் நடுவில் துளைத்து அதைச் செருக வேண்டும். மேல்வாய் வழியாக ஏர் பம்ப்பிலிருந்து வரும் டியூபைக் குழாயின் அடிவரை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. குமிழ் மேலே ஏறும்போது குழாயில் உள்ள தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகிறது, அந்த இடத்தை நிரப்ப வெளித்தண்ணீர் ஸ்பான்ஞ் வழியாக உள்ளே வருகிறது, அவ்வளவுதான் அதன் ரகசியம். மிதந்தால் ஒரு ஓட்டுத்துண்டில் கட்டி நிறுத்துங்கள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பான்ஞ் மட்டும் வேண்டவே வேண்டாம், சிலவற்றில் கிருமிநாசினி சேர்த்திருப்பார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை விஷம் குறைந்த பொருளாக மாற்றுகிற பாக்டீரியா புது ஸ்பான்ஞ்சில் இருக்காது, ஆகவே குஞ்சு வருவதற்கு மூன்று நாலு வாரம் முன்பே ஏற்கெனவே ஓடுகிற தொட்டியில் போட்டு வையுங்கள். அழுக்கானால் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிய வேண்டும், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் சேர்ந்த பாக்டீரியா எல்லாம் போச்சு.

ஆர்ட்டீமியா பொரிக்க ஒரு காலி குளிர்பான பாட்டில் போதும். அடியை வெட்டி, மூடி இறுகிய வாய் கீழே வரும்படி தலைகீழாக நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, லிட்டருக்குச் சுமார் 25 கிராம் உப்புப் போட்டு, ஆர்ட்டீமியா முட்டையைத் தூவி, ஏர் டியூபைக் கழுத்துவரை இறக்கிவிடுங்கள். 28 டிகிரி சூட்டில் ஒரு நாளில் பொரிந்துவிடும், கொஞ்சம் குளிர்ந்தால் ஒன்றரை நாள். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்தால் முட்டை ஓடு மேலே மிதக்கும், குஞ்சுகள் கீழே கழுத்தில் ஆரஞ்சு நிறத்தில் மேகம் மாதிரி திரளும். மேல்பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, கழுத்தருகே விளக்கைக் காட்டினால் இன்னும் சுத்தமாகப் பிரியும், ஏனென்றால் அவை வெளிச்சத்தைத் தேடிப் போகிறவை. மெல்லிய துணியில் வடிகட்டி நல்ல தண்ணீரில் அலசி உடனே கொடுத்துவிடுங்கள். நேரம் ஆக ஆக உடம்பிலிருக்கிற மஞ்சள் கரு தீர்ந்துகொண்டே போகும், சத்தும் குறையும்.

செய்கிற எதிலும் செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய கம்பி சேரக் கூடாது. சிலிகான் பசை என்றால் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாகப் பார்த்து வாங்கி, புளிப்பு வாடை அடங்கும்வரை காயவிட வேண்டும்.

சரி, படத்துக்கு வருகிறேன். அதில் ஏர் பம்ப் தொட்டிக்குக் கீழே தரையில் இருக்கிறது, டியூபில் செக் வால்வும் (காற்றை ஒரு பக்கம் மட்டும் விட்டு, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற வால்வு) காணோம். கரண்ட் போனால் தொட்டித் தண்ணீர் அந்த டியூப் வழியாகவே பின்னோக்கி இறங்கும். ஸ்பான்ஞ் ஃபில்டரில் டியூபின் முனை அடிமட்டத்தில் அல்லவா இருக்கிறது, அதனால் கிட்டத்தட்ட முழுத் தொட்டியும் காலியாகும். எனக்கு நடந்தது. ஒரு நாள் காலையில் எழுந்து கால் வைத்தால் தரையெல்லாம் ஈரம், பம்ப் தண்ணீரில் கிடக்கிறது, இரண்டு விரல்கடைத் தண்ணீரில் அறுபது எழுபது ஏஞ்சல் குஞ்சு துடித்துக்கொண்டிருந்தன. பம்ப்பைத் தொடாமல் மெயினை அணைத்த பிறகுதான் கிட்டப் போனேன். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு பலகையில் வைத்திருந்தாலோ, செக் வால்வைச் சரியான திசையில் மாட்டியிருந்தாலோ அது நடந்திருக்காது.

படத்தைப் பார்த்து அப்படியே மாட்டியவர்கள் இருப்பார்கள். அடுத்த இணைப்பிதழில் இதை மட்டுமாவது திருத்தமாகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்