கார் மைலேஜ் விளம்பரங்களை விசாரித்து, வாங்கியவர்களுக்கு இழப்பீடு கிடைக்க வழிசெய்யக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திண்டுக்கல்.

அனுப்புநர்:
டி-போர்டு கார் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர், பழனி வட்டம்.

பொருள்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 17-ன் கீழ் புகார் – கார் மைலேஜ் பற்றிய தவறான விளம்பரம் – விசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழனியில் 17 வருடமாக டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கடன் வாங்கி ஒரு புது பெட்ரோல் கார் எடுத்தேன். அந்தக் காரை எடுக்க ஒரே காரணம் மைலேஜ்தான். லிட்டருக்கு 20 கி.மீ. என்று ஷோரூம் நோட்டீஸிலும் தமிழ் நாளிதழ் விளம்பரத்திலும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மாதத் தவணை போக வீட்டுக்கு என்ன மிஞ்சும் என்று நானும் என் மனைவியும் அந்த 20-ஐ வைத்துத்தான் கணக்குப் போட்டோம்.

எனக்குக் கிடைப்பது 14. கொடைக்கானல் மலையேறிய ட்ரிப் எதையும் இதில் சேர்க்கவில்லை. திண்டுக்கல், மதுரை என்று சமதரையில் ஓடியது மட்டும்தான். ஒரே பங்கில் ஆட்டோ கட் ஆகும்வரை டேங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்து, அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய தூரத்தை வகுத்துப் பார்த்த கணக்கு இது. டயர் காற்றை வாரம் தவறாமல் பார்க்கிறேன். சர்வீஸும் கம்பெனி சென்டரிலேயே செய்கிறேன். ஏசி இல்லாமல் ஓட்டினால் 16 வருகிறது. சித்திரை வெயிலில் கைக்குழந்தைக்கு மொட்டை போட வரும் குடும்பத்தை ஏசி இல்லாமல் எப்படி ஏற்றிப் போவது?

மாதம் 2,500 கி.மீ. ஓடுகிறேன். 20 கிடைத்தால் 125 லிட்டர் போதும். இப்போது 178 லிட்டருக்கு மேல் ஊற்றுகிறேன். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் துண்டு விழுகிறது. என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பணம் அது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "அது டெஸ்ட் மைலேஜ், நீங்க ஓட்டுற விதத்தைப் பொறுத்தது" என்கிறார்கள்.

அந்த டெஸ்ட் எப்படி நடக்கிறது என்று தேடித் தெரிந்துகொண்டேன். கார் சாலையிலேயே ஓடுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் சுமார் 20 நிமிடம், 10 கி.மீ.க்குச் சற்று அதிகமாக, ஏசியை அணைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். அதிகபட்ச வேகம் 90 கி.மீ. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அது பயன்படலாம். வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்காக அதை விளம்பரத்தில் போடுவது நியாயமில்லை.

சாலையில் காருக்கு ஏற்படும் எதிர்ப்புக்குச் சமமாக அந்த உருளை எவ்வளவு இழுவை தர வேண்டும் என்பதிலும் வெளிநாடுகளில் தில்லுமுல்லு நடந்திருக்கிறது. வேகமாக ஓடும் காரை நியூட்ரலில் விட்டு, அது எவ்வளவு நேரத்தில் வேகம் குறைகிறது என்று அளந்துதான் இழுவையைக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் இந்த அளவில் தங்களுக்குச் சாதகமான முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கண்டுபிடித்தது. வாங்கியவர்கள் அனுப்பிய புகார்களும் அந்தச் சோதனைக்குக் காரணமாக இருந்தன. 2012 நவம்பரில் சுமார் 9 லட்சம் கார்களின் மைலேஜ் எண் குறைக்கப்பட்டது. 2014-ல் 10 கோடி டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. ஜப்பானில் மிட்சுபிஷி 6,25,000 சிறிய கார்களுக்கு மைலேஜைக் கூட்டிக் காட்டியதை 2016 ஏப்ரலில் ஒப்புக்கொண்டு, காருக்கு 1 லட்சம் யென் இழப்பீடு அறிவித்தது.

ஹூண்டாய், கியா இழப்பீடு தந்த விதத்தைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். கார் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்து, கூடுதலாகச் செலவான எரிபொருளை அந்தப் பகுதி விலையில் கணக்கிட்டு, அதற்கு மேல் 15 சதவீதம் சேர்த்துக் கொடுத்தார்கள். வாங்கியவர் தனியாக வழக்குப் போட்டு அலையத் தேவை இருக்கவில்லை.

நம் பக்கத்தில் நிலைமை வேறு. திருச்சூரில் ஒருவர் 2014-ல் ஃபோர்டு கார் வாங்கினார். விளம்பரம் சொன்னது 32 கி.மீ.; நிபுணர் ஓட்டிப் பார்த்தபோது வந்தது 19.6. நுகர்வோர் ஆணையம் சுமார் 3 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது 2022-ல். நியாயம் கிடைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் வண்டியை ஒரு நாள் நிறுத்தினால் அடுப்பெரியாத என் போன்றவர்களால் அத்தனை வருடம் கோர்ட் படி ஏற முடியாது.

என் கார் கம்பெனி டெஸ்டில் ஏமாற்றியது என்று நான் குற்றம் சாட்டவில்லை. 20-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் அவர்கள் தலையில் கட்டவும் இல்லை. இதை யாராவது சரிபார்க்க வேண்டும் என்கிறேன். வாடகைக் கார் என்பதால் நான் நுகர்வோர் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரைச் சட்டத்தின் பிரிவு 2(7) விளக்கம் நுகர்வோராகவே ஏற்கிறது.

ஆகவே, பிரிவு 16 தங்களுக்குத் தரும் அதிகாரத்தின்படி, மாவட்டத்தில் வெளியாகும் கார் மைலேஜ் விளம்பரங்களை விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பக் கோருகிறேன். விளம்பரத்தில் பொறுப்புத் துறப்பு வாசகம் (டிஸ்க்ளைமர்) அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்று 2022 ஜூன் வழிகாட்டு விதிகள் சொல்கின்றன. என்னிடம் உள்ள விளம்பரத்தில் 20 என்பது தமிழில் பெரிதாகவும், "சோதனை நிலையில்" என்பது ஆங்கிலத்தில் எறும்பு எழுத்திலும் இருக்கிறது. இந்த ஒன்றை விசாரிக்க ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. மேலும், விற்பனையான கார்களில் சிலவற்றைக் கம்பெனி சாராத ஒரு அமைப்பு ஏசியோடு சாலையில் ஓட்டிப் பார்க்கவும், எண் பொய்யென்று தெரிந்தால் பிரிவு 18-ன்படி அந்த மத்திய ஆணையமே எல்லா உரிமையாளர்களுக்காகவும் புகார் தாக்கல் செய்து, மீட்டர் கணக்குப்படி இழப்பீடு பெற்றுத் தரவும் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

விளம்பரம், ஷோரூம் நோட்டீஸ், 14 மாதப் பெட்ரோல் பில்கள், மீட்டர் குறித்த நோட்டின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். விசாரணைக்கு எந்த நாள் அழைத்தாலும் காரோடு வருகிறேன். அதிகாரி ஒருவர் கூட உட்கார்ந்து, டேங்க் நிரப்பி அளந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்