தென்னாப்பிரிக்கா, டர்பன் வடக்கு வட்டார வார இதழ் ஆசிரியர்களுக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

டொங்காட், வெருலம், பீனிக்ஸ் பக்கம் உங்கள் இதழ் வாராவாரம் வாசலுக்கு வந்துவிடுகிறது. பள்ளி விளையாட்டு, தண்ணீர் வெட்டு, திருட்டு எல்லாம் உண்டு. காவடிப் படங்களுக்காகவே எடுத்து வைக்கிற வீடுகளும் உண்டு. ஆனால் எங்கள் தெருக்களின் தலையெழுத்தையே மாற்றுகிற நில வகை மாற்ற அறிவிப்பு, அதாவது ஒரு மனையில் இனி என்ன கட்டலாம் என்று சொல்வது, அது மட்டும் கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில், கார் விற்பனை விளம்பரங்களுக்கு நடுவே கிடக்கிறது.

அதில் ஒரு எர்ஃப் எண், அதாவது மனை எண், இருக்கும். ‘ஸ்பெஷல் ரெசிடென்ஷியல் 650’ என்ற குடியிருப்பு வகை இனி வேறு வகை என்று இருக்கும். கோவிலுக்கு எதிரே உள்ள காலி மனையா, பள்ளியை ஒட்டிய வீடா, யாருக்குத் தெரியும்? ஆட்சேபம் சொல்லப் பொதுவாக 30 நாள்தான். அது கடந்து, லாரிகள் வந்து நின்று, பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்ட பிறகு செய்தி வந்து என்ன பயன்?

கட்டிக்கொண்டிருந்த டொங்காட் மால் இடிந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். 2013 நவம்பர் 19. இரண்டு பேர் இறந்தார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி நகராட்சி சில நாட்களுக்கு முன்புதான் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியிருந்தது. வரைபடத்துக்கு ஒப்புதலே இல்லை என்றும் பிறகு சொன்னார்கள். தகராறு நீதிமன்றம் வரை போயும் வேலை நிற்கவில்லை. அப்படியொரு கட்டடம் எழும்பும்போதே வாராவாரம் எழுத வேண்டியது உள்ளூர்ப் பத்திரிகைதான். கேமராக்கள் எப்போதும் இடிந்த பிறகுதான் வரும்.

உங்களிடம் நிருபர்கள் குறைவு, விளம்பரம் தருவதும் பெரும்பாலும் கட்டடக்காரர்களும் நகராட்சியும்தான். அந்தச் சங்கடம் புரியாமல் இல்லை. இருந்தாலும் 2000ஆம் ஆண்டு நகராட்சி அமைப்புகள் சட்டம் மன்றக் கூட்டங்களையும் அதன் குழுக் கூட்டங்களையும் பத்திரிகைகளுக்குத் திறந்துதான் வைத்திருக்கிறது. அந்த நாற்காலியில் யாராவது உட்கார வேண்டாமா? 1903இல் தொடங்கி, பிறகு நம் பீனிக்ஸிலேயே அச்சான, காந்தியின் இந்தியன் ஒப்பீனியனும் சின்ன ஏடுதான். நகரசபைகள் நம் கடைக்காரர்களுக்கு லைசென்ஸ் மறுத்ததையெல்லாம் அது எழுதியது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டம் வரைபடத்தில் கோடு போட்டே நம் பெரியவர்களைக் குடிபெயர்த்தது. அவர்களின் பிள்ளைகளான நமக்கு வரைபடம் சின்ன விஷயமே இல்லை.

ஆட்சேபிப்பவர்கள் எல்லாரும் நியாயவான்கள் என்று சொல்ல வரவில்லை. ஏழைகளுக்கு வீடு வரக்கூடாது என்று மனு எழுதுகிறவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். அதையும் எழுதுங்கள், விண்ணப்பித்தவர் தரப்பையும் கேளுங்கள்.

ஒரு அரைப்பக்கம் போதும். எந்தத் தெரு, எதற்கு எதிரே, என்ன வரப்போகிறது, ஆட்சேபத்துக்குக் கடைசி நாள் எது, யாரிடம் கொடுப்பது. அறிவிப்பு வெளியாகும் அதே வாரத்தில் போடுங்கள். மனைகளில் நட்டிருக்கும் அறிவிப்புப் பலகைகளைப் படமெடுத்து அனுப்பத் தெருவுக்கு ஒருவர் நாங்கள் தயார். யாருக்கு அனுப்புவது என்று அடுத்த இதழில் ஒரு பெயர் போட்டால் சரி.

இப்படிக்கு,
வெருலம் வாசகர் ஒருவர்