மங்கிப்போன தெருப் பலகைகள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

மழைக்காலம் நெருங்கினால் குடியிருப்போர் நலச் சங்கங்களிலிருந்து எங்களுக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தெருமுனைப் போர்டில் எழுத்தே தெரியவில்லை. புதிதாக ஒன்று செய்து நட்டுத் தருவீர்களா?"

பொதுத் தெரு என்றால் அது சென்னை மாநகராட்சியின் வேலை. சங்கமே செலவை ஏற்றாலும், அனுமதியில்லாமல் நாங்கள் நடைபாதையில் குழி தோண்ட முடியாது. மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு அழைத்துச் சொல்லுங்கள். "போர்டு சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், கம்பம் சாய்ந்திருக்கிறதா, எழுத்து மங்கியதா, சுவரொட்டி மூடியிருக்கிறதா என்று விவரமாகச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. (பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராக 1959-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. பசைதான் இன்னும் காயவில்லை!)

உங்கள் வளாகத்துக்குள் இருக்கும் போர்டுகளை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஆனால் மாற்றச் சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரவில் பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். ரோட்டில் படுத்திருக்கும் மாட்டின் கண் ஹெட்லைட்டில் மின்னுமே, அப்படிப் போர்டு பளிச்சென்று மின்ன வேண்டும். போர்டின் மேல் ஒட்டியிருக்கும் ரிஃப்ளெக்டிவ் ஷீட்டுக்குள் இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோதான் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. அவை வெயிலிலும் ஈரத்திலும் கெட்டுவிட்டால், பகலில் நன்றாகத் தெரியும் போர்டுகூட இரவில் உதவாது. ஆம்புலன்ஸ் டிரைவர் தெருப்பெயரைத் தேடுவது பெரும்பாலும் இரவில்தானே.

மின்னவில்லை என்றால் உடனே புதுசு போட வேண்டும் என்றும் இல்லை. பல நேரம் வெறும் தூசிதான். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தின்னர், இரும்பு நார் இரண்டும் வேண்டவே வேண்டாம். அதைவிட மோசம், மங்கிய எழுத்தின் மேல் பெயின்ட் அடிப்பது. பெயின்ட் பட்ட இடத்தில் ஷீட்டின் வேலை அதோடு முடிந்தது. எழுத்து மட்டும் போயிருந்தால் போர்டைக் கழற்றி, பழைய ஷீட்டை உரித்துப் புதியது ஒட்டித் தருகிறோம். தகடு நன்றாக இருந்தால் அதை ஏன் எறிய வேண்டும்?

பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் கதை வேறு. அங்கே உப்புக்காற்று போர்டுக்கு முன் கம்பத்தையும் திருகையும் தின்றுவிடும். சாதாரண இரும்புத் திருகு துருப்பிடித்துப் பெயரின் மேலேயே பழுப்பாக வழியும். அதனால் கடற்கரை ஓரத்துக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகும், துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. கம்பமும்தான் போடுகிறோம். எஸ்டிமேட்டில் தொகை கூடுவது இதனால்தான். கம்பம் தரையைத் தொடும் இடத்தில் தண்ணீர் தேங்காதபடி சிமென்டைச் சற்றுச் சரிவாகப் பூசச் சொல்லுங்கள். துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

அப்புறம், பெயர். அண்ணா சாலையை இன்னும் மவுண்ட் ரோடு என்பவர்கள் நம்மிடையே நிறைய. பேச்சில் எப்படியும் சொல்லலாம், ஆனால் போர்டில் மாநகராட்சிப் பதிவில் உள்ள பெயரைத்தான் எழுதுவோம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுத்துகளைச் சரிபார்த்து, சங்கச் செயலாளர் கையெழுத்திட்ட தாளைத் தாருங்கள்.

போர்டின் முன்பக்கம், பின்பக்கம், கம்பத்தின் அடிப்பகுதி மூன்றையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், துடைத்தால் போதுமா, ஷீட் மாற்ற வேண்டுமா, முழுசாகவே புதிது வேண்டுமா என்று சொல்லிவிடுவோம். கம்பம் நடும் வேலை இருந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். குழியில் தண்ணீர் நின்றால் கான்கிரீட் போட முடியாது.

அன்புடன்,
கடையிலிருந்து