மகசேசே விருதாளர் சுவர்: நம் ஊர் நூலகத்துக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர்க் கிளை நூலகத்தின் மாடி அறையில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உட்காரும் மேசைகளுக்கு எதிரே நீளமான வெற்றுச் சுவர் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் ஓதம் ஏறும், கோடையில் சுண்ணாம்பு உதிரும். இப்போதைக்குப் போன வருடத்துக் காலண்டர் ஒன்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மகசேசே விருது பெற்றவர்களில் தமிழோடும் தமிழ் மண்ணோடும் தொடர்புள்ள பதின்மூன்று பேர் செய்த வேலையை அந்தச் சுவரில் படமாகவும் எழுத்தாகவும் நிலையாக வைப்பதென்று வாசகர் வட்டம் முடிவு செய்திருக்கிறது. மாவட்ட நூலக அலுவலரின் அனுமதி வந்துவிட்டது. பணம்தான் பாக்கி.

முகங்களை வரிசையாக மாட்டி வைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. தலைவர் படம் மாட்டினால் வருடத்துக்கு ஒரு நாள் மாலை விழும், மறுநாளிலிருந்து காய்ந்த சரம் தொங்கும். மாடியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அந்த மனிதர் காலையில் எழுந்து என்ன செய்தார், யாரோடு சண்டை போட்டார், காசுக்கு என்ன வழி செய்தார் என்பதைச் சொன்னால் நின்று படிப்பார்கள். ஆகவே ஒவ்வொரு பலகையிலும் விருதுப் பத்திரத்துக்கும் பதக்கத்துக்கும் இடம் கிடையாது. வேலை செய்யும் காட்சி ஒன்றும், அதைப் பற்றி இருபது வரிகளும் மட்டுமே இருக்கும்.

"பிலிப்பைன்ஸ்காரர் பெயரில் உள்ள விருதுக்கு நம் ஊரில் ஏன் சுவர்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ரமோன் மகசேசே அந்த நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர். இளமையில் பஸ் நிறுவனம் ஒன்றில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். 1957 மார்ச் 17 அன்று செபு தீவில் நடந்த விமான விபத்தில் இறந்தார். அதே ஆண்டு அவர் பெயரில் விருது நிறுவப்பட்டு, 1958 முதல் வழங்கப்பட்டு வருகிறது. சமூகத் தலைமைக்கான முதல் விருது வினோபா பாவேவுக்குக் கிடைத்தது. அரசுப் பணி, பொதுச் சேவை, சமூகத் தலைமை, இதழியலும் இலக்கியமும் படைப்புக் கலைகளும், அமைதி என்று 2008 வரை பிரித்துக் கொடுத்தார்கள். ஆசியாவில் மக்கள் நடுவே வேலை செய்பவர்களைத் தேடிப் பிடித்து மணிலாவுக்கு அழைத்துக் கௌரவிக்கிறார்கள். நோபல் பெற்ற தமிழர்களைப் பாடப்புத்தகம் பார்த்துக்கொள்கிறது. பத்ம விருதுப் பட்டியல் ஆண்டுதோறும் நீண்டுகொண்டே போகிறது. இந்தப் பதின்மூன்று பேரில் நான்கு பேரையாவது அறிந்த பத்தாம் வகுப்பு மாணவரை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. ஆசிரியர்களைக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தவில்லை.

எங்கள் ஊருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2012இல் விருது பெற்ற குழந்தை பிரான்சிஸ் வேலை செய்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். அவர் 1979இல் தொடங்கியபோது இது தருமபுரி மாவட்டம். வறண்ட ஊர்களில் சிறு தடுப்பணைகள் கட்டினார், பிறகு பெண்களைச் சுய உதவிக் குழுக்களாகத் திரட்டினார். இந்தக் கடிதத்தைப் படிக்கும் அம்மாக்களில் பலர் குழுப் புத்தகம் வைத்திருப்பவர்கள். வட்டிக்காரரிடம் போகாமல் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர்களும் உங்களில் இருப்பீர்கள். அந்தப் பலகைக்கு ஓவியம் வேண்டாம், குழுக் கூட்டத்தின் புகைப்படம் ஒன்றையே வைக்கலாம் என்பது எங்கள் யோசனை. நல்ல படம் இருப்பவர்கள் கொடுங்கள். அதுவும் நன்கொடைதான்.

அடுத்தது கோலார் தங்கவயல். நம் பகுதியிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு திரும்பி வந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். அந்த ஒரே ஊர் இரண்டு மகசேசே விருதாளர்களைத் தந்தது என்று சொன்னால், தங்கவயலில் பிறந்தவர்களே வியப்போடு பார்க்கிறார்கள்.

முதலாமவர் ஜாக்கின் அற்புதம். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பம்பாய்க்குப் போய் தச்சு வேலை செய்துகொண்டு, மான்குர்தில் ஜனதா காலனி என்ற சேரியில் வாழ்ந்தார். நகராட்சி அங்கே குப்பை அள்ள வரவில்லை. மனு எழுதுவதற்குப் பதிலாக, சேரிப் பிள்ளைகளைத் திரட்டி ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைச் சுமக்கவைத்து நகராட்சி அலுவலக வாசலில் கொட்டினார். அணு ஆராய்ச்சி மையத்தின் விரிவாக்கத்துக்காக அந்தக் காலனியை 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், இடித்துத் தள்ளினார்கள். அற்புதம் ஓயவில்லை. குடிசைகளை யாரோ வந்து எண்ணட்டும் என்று காத்திராமல், சேரி மக்களே தங்கள் வீடுகளையும் தலைகளையும் எண்ணி, கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அரசோடு பேசும் முறையை வளர்த்தார். அந்த முறை பிறகு ஆப்பிரிக்க நாடுகள் வரை போனது. 2000இல் அமைதிக்கும் பன்னாட்டுப் புரிந்துணர்வுக்குமான விருதை அவருக்குக் கொடுத்தார்கள். எங்கள் குழுவில் எல்லோருக்கும் பிடித்த பலகை இதுதான். குப்பைக் கூடையோடு ஓடும் பிள்ளைகளை ஓவிய ஆசிரியர் பென்சிலில் வரைந்தும் காட்டிவிட்டார்.

இரண்டாமவர் பெஜவாடா வில்சன். தங்கவயல் குடியிருப்பில் உலர் கழிப்பறைகளைக் கையால் அள்ளிச் சுத்தம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். 1993இல் அந்த வேலையைத் தடைசெய்யும் சட்டம் வந்தது, நடைமுறையில் ஒன்றும் மாறவில்லை. சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கழிப்பறைகளைப் படம் எடுத்து அனுப்பி, வழக்குத் தொடுப்பேன் என்று சொல்லித்தான் அவர் மாற்றம் கொண்டுவர வேண்டியிருந்தது. 2016இல் விருது வந்தது. வில்சன் தமிழர் இல்லை, தெலுங்குக் குடும்பத்தவர். "தமிழ்த் தொடர்பு" என்ற எங்கள் விதிக்கு அவர் பொருந்துவாரா என்று விவாதம் நடந்தது. எல்லையைத் தாண்டினால் தங்கவயல், பக்கத்து ஊர்க்காரருக்கு இடம் இல்லை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

மருத்துவர் சாந்தாவின் பலகையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் தொடக்க நாட்கள் வரும். முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் கண்ட கனவு அது. 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு திறந்தார்கள். புற்றுநோய் என்றால் சாவு என்று ஊரே நம்பிய காலத்தில் பணம் திரட்டுவது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். "பிழைக்காத நோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி?" என்ற கேள்விக்கு வாசல் வாசலாகப் பதில் சொல்லித்தான் அதைக் கட்டியிருக்க வேண்டும். சாந்தா 1955இல் அங்கே சேர்ந்தார். 2021இல் இறக்கும் வரை அந்த வளாகமே அவருக்கு வீடு. விருது 2005இல்.

அதே மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்த ரவி கண்ணன், 2007இல் சென்னையை விட்டுக் குடும்பத்தோடு அசாமின் சில்சாருக்குப் போனார். அங்கே உள்ளூர் மக்கள் தாங்களாகச் சங்கம் அமைத்து எழுப்பிய சிறிய புற்றுநோய் மருத்துவமனை ஒன்று ஆள் இல்லாமல் தத்தளித்துக்கொண்டிருந்தது. கூலி போய்விடுமே என்று ஏழை நோயாளிகள் சிகிச்சையைப் பாதியில் விடுவதைக் கவனித்து, உடன் வருபவர்களுக்கு மருத்துவமனையிலேயே வேலையும் சாப்பாடும் தங்க இடமும் கொடுக்க ஏற்பாடு செய்தார். 2023இல் அவருக்கும் மகசேசே விருது கிடைத்தது. சாந்தாவுக்கு அடுத்த பலகை இவருடையது.

எம்.எஸ். சுப்புலட்சுமி 1974இல் பெற்றது கலைப் பிரிவில் என்றுதான் எங்களில் பலர் நினைத்திருந்தோம். இல்லை, பொதுச் சேவைப் பிரிவில். கஸ்தூர்பா நினைவு நிதியில் தொடங்கி, எத்தனையோ அறப்பணிகளுக்காகக் கச்சேரி செய்து வருமானத்தை அப்படியே கொடுத்துவிட்டவர் அவர். அவருடைய பலகைக்குக் கீழே காதில் மாட்டிக் கேட்கும் கருவி ஒன்றை வைக்க விரும்புகிறோம். பக்கத்திலேயே டி.எம். கிருஷ்ணா. சபாவில் பாடியதைச் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களிடமும் கொண்டுபோனவர், 2016இல் வளரும் தலைமைக்கான விருது பெற்றவர். சுப்புலட்சுமி பெயரிலான விருதைக் கிருஷ்ணாவுக்குக் கொடுக்கக்கூடாது என்று அண்மையில் ஒரு வழக்கு நீதிமன்றம் வரை போனது பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். இருவரையும் அடுத்தடுத்து வைக்கலாமா என்று குழுவில் தயங்கியவர்கள் உண்டு. வைக்கத்தான் போகிறோம். நம் சுவரில் அவர்கள் சண்டை போடப் போவதில்லை.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கும்பகோணத்தில் பிறந்து வேளாண் விஞ்ஞானியான எம்.எஸ். சுவாமிநாதன் (1971). 'காமன் மேன்' என்ற கட்டம்போட்ட கோட்டுக்காரரை வரைந்த ஆர்.கே. லட்சுமண் (1984). தமிழ்நாடு ஐ.ஏ.எஸ். பிரிவிலிருந்து தலைமைத் தேர்தல் ஆணையராகி, அரசியல்வாதிகளின் தூக்கத்தைக் கெடுத்த டி.என். சேஷன் (1996). சென்னையில் போக்குவரத்துத் துறை இயக்குநராக இருந்தபோது, "உங்களுக்கு இன்ஜினும் தெரியாது, ஓட்டவும் தெரியாது" என்று ஒரு டிரைவர் சொன்னதைக் கேட்டு, பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டு பயணிகளோடு பஸ்ஸை ஓட்டியவர். அந்தக் காட்சிதான் அவருடைய பலகை. சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். வேலையை விட்டு ராஜஸ்தான் கிராமங்களில் தகவல் உரிமைக்காகப் போராடிய அருணா ராய் (2000). ராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டங்களின் வறட்சியையும், புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் பழகிய கதையையும் எழுதிய பி. சாய்நாத் (2007). ஆசிரியையாக இருந்து, இலங்கைப் போரில் கணவரை இழந்த பெண்களுக்கும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் மனநல ஆலோசனை தந்த கெத்சி சண்முகம் (2017). மறுவாழ்வு முகாமிலிருந்து நம் நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் இந்தக் கடைசிப் பலகையின் முன் நிற்பார்கள் என்பது எங்கள் எதிர்பார்ப்பு.

இனி கணக்கு. மொத்தம் ரூ.4,20,000 தேவை. பதின்மூன்று பலகைகளுக்குத் தலா ரூ.12,000 வீதம் ரூ.1,56,000. ஃப்ளெக்ஸில் அடித்தால் இதில் சிறு பங்குதான் ஆகும், ஆனால் மேற்கு ஜன்னல் வெயிலில் இரண்டு கோடைக்குள் எல்லோரும் வெளுத்துப்போவார்கள். அதனால் அலுமினியத் தகட்டில் அச்சிடுகிறோம். ஓவியத்துக்கு ரூ.52,000. ஓவியர் அரசுப் பள்ளி ஆசிரியர், இலவசமாகவே வரைகிறேன் என்றார். கலைஞருக்குக் காசு கொடுக்காமல் படைப்பைப் போற்றும் சுவர் கட்டுவது அழகில்லை என்று நாங்கள்தான் மறுத்தோம். ஓதம் நீக்கிப் பூச்சு வேலை செய்து வண்ணம் அடிக்க ரூ.44,000, விளக்குகளுக்கும் வயரிங்குக்கும் ரூ.38,000, கேட்கும் கருவிக்கு ரூ.20,000. மீதி ரூ.1,10,000இல் இவர்கள் எழுதியதும் இவர்களைப் பற்றி எழுதப்பட்டதுமான நூல்களுக்குக் கண்ணாடி அலமாரியும் நூல்களும் வாங்குகிறோம். உறுப்பினர்களிடமிருந்து ரூ.1,35,000 சேர்ந்துவிட்டது. இன்னும் ரூ.2,85,000 வேண்டும்.

"வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, அதில் செய்யக்கூடாதா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அந்த வரியிலிருந்து நூலும் நாளிதழும் மின் கட்டணமும் சம்பளமும் போக இப்படிப்பட்ட வேலைக்கு மிஞ்சுவது கடினம். இந்த மாநிலத்தில் 1948இலேயே பொது நூலகச் சட்டம் வந்ததற்கு எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றவர்கள் விடாமல் உழைத்தார்கள். அவர்கள் வாங்கித் தந்த அடித்தளத்தின் மேல் ஒரு சுவரையாவது நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நன்கொடையாளர் பெயர் விஷயத்தில் கறாராக இருக்கப் போகிறோம். கோயில் டியூப்லைட்டில் "உபயம்" என்று பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுவார்களே, அது இங்கே வேண்டாம். பலகைகளில் யார் பெயரும் வராது. படிக்கட்டு அருகே ஒரே பட்டியல், அகர வரிசையில், தொகை குறிப்பிடாமல். நூறு ரூபாய் தந்தவரும் பதினைந்தாயிரம் தந்தவரும் ஒரே அளவு எழுத்தில். திறப்பு விழாவுக்கு மேடை, பொன்னாடை, நினைவுப் பரிசு கிடையாது, தேநீர் உண்டு. எந்தக் கட்சியின் பெயரும் படமும் அறைக்குள் வராது, கொடுப்பவர் எந்தக் கட்சியில் இருந்தாலும் சரி.

வருமான வரிச் சலுகைக்கான 80-ஜி பதிவு எங்களிடம் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு ரூபாய்க்கும் அச்சிட்ட ரசீது உண்டு. ரசீது இல்லாமல் யார் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கு விவரம் நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. நேரில் கொடுப்பவர்கள் நூலக நேரத்தில் மாடியில் இருக்கும் பொருளாளரிடம் கொடுக்கலாம். வெளியூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் வீட்டார் மூலம் கொடுத்தனுப்பலாம். பணத்துக்குப் பதிலாகக் கொத்தனார் வேலை, வயரிங், தச்சு வேலை தர முன்வருபவர்களையும் வரவேற்கிறோம். அவர்கள் பெயரும் அதே பட்டியலில் வரும். வரவு செலவு மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

பொங்கலுக்குள் பணம் சேர்ந்தால் கோடை விடுமுறைக்கு முன் வேலை முடிந்துவிடும். முழுத் தொகை வராவிட்டால், வந்த அளவுக்குப் பலகைகளை வைத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வோம், முதலில் அற்புதமும் பிரான்சிஸும். கூடுதலாக வந்தால் அந்தப் பணம் போட்டித் தேர்வு நூல்களுக்கு. ஒரே டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டிக்கு நான்கு பேர் காத்திருக்கும் அறை அது.

அன்புடன்,
வாசகர் வட்டப் பணிக்குழு