மாப்பிள்ளையின் எக்செல் திட்டமும் லுவார் ஆறும்

அன்புள்ள மலர்,

மாப்பிள்ளை அனுப்பிய எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தேன். கலர் எல்லாம் அடித்து, எந்த ஊரில் எத்தனை மீட்டர் ஏற்றம் என்பது வரைக்கும் போட்டு வைத்திருக்கிறார், பொறுமைசாலிதான். பிரான்ஸில் ஓர்லியானில் கிளம்பி லுவார் ஆற்றோடு மேற்கே கடல் வரைக்கும் சைக்கிளில், தினம் 100 கிலோமீட்டர், ஒரு நாள் 120. சிங்கப்பூரில் விடியற்காலையில் ஓட்டிப் பழகிய கால்களுக்கு அது ஒன்றும் பெரிதில்லை, பாதையும் முக்கால்வாசி சமதரை. ஆனாலும் அந்தத் திட்டம் இரண்டாம் நாளே படுத்துவிடும். ஏன் என்று சொல்கிறேன், அவரிடம் நீ பக்குவமாகச் சொல்லு. நான் சொன்னால் மாமனார் குறை சொல்கிறார் என்று ஆகிவிடும்.

நீ இங்கே வளர்ந்த பெண் என்றாலும் உனக்குத் தெரிந்த பிரான்ஸ் பாரிஸும் அதன் புறநகர் ரயிலும்தான். ராத்திரி ஒன்பது மணிக்கும் ஏதாவது ஒரு மளிகைக்கடை திறந்திருக்கிற பிரான்ஸ். கிராமத்துக் கதை வேறு. பகல் பன்னிரண்டு அடித்தால் கடை, தபால் நிலையம், ஊராட்சி அலுவலகம் எல்லாம் சாத்திவிடுவார்கள், இரண்டுக்கு முன்னால் திறக்க மாட்டார்கள், சில ஊரில் மூன்றும் ஆகும். சாப்பாட்டுக் கடையில் அதே நேரத்தில்தான் சாப்பாடு. ஒன்றரைக்குப் போய் நின்றால் முகத்தைப் பார்த்து யோசிப்பார்கள், இரண்டேகாலுக்குப் போனால் அடுப்பை அணைத்தாயிற்று என்பார்கள், காபி வேண்டுமானால் தருவார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஊரே அடங்கிவிடும், திங்கட்கிழமை பல ஊர்களில் ரொட்டிக்கடையும் லீவு. மாப்பிள்ளை கணக்குப்படி திங்கட்கிழமை 110 கிலோமீட்டர். அன்றைக்கு என்ன சாப்பிடுவீர்கள் என்று ஒரு கட்டம் அந்தக் கோப்பில் சேர்க்கச் சொல். நானும் அம்மாவும் போகும்போது காலையில் முதல் வேலை ரொட்டிக்கடைதான், மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்து அப்போதே வாங்கிவிடுவோம். சில ஊர்களில் ரொட்டி எந்திரம் நிற்கும், காசு போட்டால் பகெத் என்கிற நீள ரொட்டி வரும், ஆபத்துக்குப் பாவமில்லை. 50, 60 கிலோமீட்டருக்கு மேல் ஒரு நாளைக்கு வேண்டாம். ஜூனில் இருட்ட ராத்திரி பத்து ஆகிவிடும் என்பதால் பொழுது நிறைய இருப்பது போலத் தெரியும், கடைகளுக்கு அந்தப் பொழுது கிடையாது.

அப்புறம் திசை. அந்தப் பள்ளத்தாக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, கடல் பக்கத்திலிருந்து அடிக்கும். ஓர்லியானில் கிளம்பினால் அத்தனை நாளும் எதிர்காற்று. பாரிஸ் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்திலிருந்து மேற்கே இருக்கும் நாந்துக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம் சொச்சம்தான், அங்கே இறங்கி ஆற்றுக்கு எதிராகக் கிழக்கே வாருங்கள். தண்ணீர் எதிரே வரும், காற்று முதுகில் தள்ளும். சைக்கிளை விமானத்தில் கொண்டுவர வேண்டாம். அதிவேக ரயில் என்றால் பெரும்பாலும் கழற்றிப் பையில் அடைக்கவேண்டும், மாப்பிள்ளைக்கு அது பிடித்த வேலையாக இருக்கலாம், உனக்கு இருக்காது. ஒரு ஊரில் வாடகைக்கு எடுத்து இன்னொரு ஊரில் விடுகிற வசதி அந்தக் கரையில் நன்றாகவே இருக்கிறது. உனக்கு பாட்டரி சைக்கிள் எடுத்துக்கொள், வெட்கப்படாதே. அம்மா அதில்தான் வந்தாள், ஏற்றத்தில் என்னைத் தாண்டிப் போய் மேலே நின்று கையசைப்பாள்.

தங்குவதற்கு 'அக்கேய் வேலோ', அதாவது சைக்கிள்காரர்களுக்கு வரவேற்பு, என்று போட்ட பலகையைப் பாருங்கள். பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் இடங்களுக்குத்தான் அந்தப் பலகை கொடுப்பார்கள், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் சில்லறை ரிப்பேருக்கு சாமானும் இருக்கும். கூடாரம் என்றால் ஊராட்சியே நடத்துகிற முகாம்கள் ஆற்றை ஒட்டியே இருக்கின்றன, மலிவு. ஒரே தொல்லை, மாதா கோயில் மணி. சில ஊரில் மணிக்கு மணி இரண்டு தடவை அடிப்பார்கள், முதல் தடவை எண்ணாமல் விட்டவர்களுக்காகவாம்!

நடுவில் கான்த் சேன் மர்த்தேனில் இரண்டு ராத்திரி தங்கச் சொல்லி நான் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறேன், மாப்பிள்ளை திட்டத்தில் அந்த ஊர் வெறும் தண்ணீர் பிடிக்கிற நிறுத்தம். வியென் ஆறு வந்து லுவாரில் சேர்கிற இடம் அது, புனித மார்த்தின் 397இல் இறந்த ஊர். அங்கிருந்து ஒரு ஏற்றம் ஏறினால் ஃபோந்த்வ்ரோ மடம். இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஹென்றி, அவர் ராணி எலியனோர், மகன் ரிச்சர்ட், மூன்று பேரின் கல்லறைச் சிலைகளும் படுத்திருக்கின்றன, அதில் ராணி மட்டும் படுத்துக்கொண்டே புத்தகம் படிக்கிறாள். உயிரோடு இருக்கும்போது அவளை ஹென்றி வருஷக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார். பிறகு நெப்போலியன் அந்த மடத்தையே 1804இல் சிறையாக்கி, 1963 வரை அப்படியே ஓடியது. அம்மா அந்தச் சிலையை விட்டு நகரவே இல்லை, மதியச் சாப்பாடு அன்றைக்குப் போயிற்று, பிஸ்கட்தான்.

கான்திலிருந்து சோமூர் பக்கம் பாதை பாறைக்கு அடியிலேயே போகும். துய்ஃபோ என்று வெள்ளையாக, கத்தியால் சுரண்டினால் உதிர்கிற சுண்ணாம்புக் கல். கரையில் இருக்கும் பல கோட்டைகளும் மாளிகைகளும் அந்தக் கல்தான், படகில் ஏற்றி ஆற்று வழியாகவே அனுப்பினார்கள். வெட்டி எடுத்த பள்ளங்களில் பிறகு காளான் வளர்த்தார்கள், ஒயின் வைத்தார்கள், ஜனங்கள் குடியும் இருந்தார்கள், இப்போதும் சில வாசலில் கதவுக்கு மேலே பாறையிலிருந்து புகைபோக்கி எட்டிப் பார்க்கும். வெயில் நேரத்தில் உள்ளே போனால் ஸ்வெட்டர் வேண்டும். ஷம்போர் மாளிகையைப் பார்க்காதே என்று சொல்லவில்லை, அந்த இரட்டைச் சுருள் படிக்கட்டு பார்க்கவேண்டியதுதான், ஆனால் ஷம்போர் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நிற்பதை விட இந்தப் பாறைக்கு அடியில் ஒரு நாள் சுற்றுவது எனக்குப் பிடித்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், விளம்பரப் படத்தில் வராது: புளுவாவைத் தாண்டி சேன் லோரான் பக்கம் அணுமின் நிலையத்தின் பெரிய கோபுரங்கள் ஆற்றங்கரையில் நிற்கும், மைல் கணக்கில் கண்ணை விட்டு அகலாது. அதுவும் அந்த ஆற்றுத் தண்ணீரில் குளிர்ந்துதான் ஓடுகிறது.

ஆற்றில் மட்டும் இறங்கவே கூடாது. பார்த்தால் முழங்கால் தண்ணீர், நடுவில் மணல் திட்டு, யாருக்கும் ஆசை வரும். மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஒரு அடி தள்ளிப் போனால் சுழல் பள்ளம். அந்தத் திட்டுகளில்தான் கோடையில் ஆலாக்கள் தரையில் முட்டை வைக்கும், அதனாலும் போகக்கூடாது. ஆற்றின் குணம் தெரியவேண்டுமானால் பழைய வீட்டுச் சுவர்களைப் பார், 1846, 1856, 1866 என்று வெள்ளம் வந்த உயரத்தைக் கோடு போட்டு வெட்டியிருப்பார்கள். சில கோடு மாப்பிள்ளை தலைக்கு மேலே இருக்கும்.

ஓட்டும்போது வலது பக்கம் என்பதை அவருக்குத் தினமும் காலையில் ஞாபகப்படுத்து. கிராமத்துக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கத்துச் சந்திலிருந்து வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, டிராக்டராக இருந்தாலும் சரி, நிற்காமல் வருவார்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓட்டினால் 135 யூரோ அபராதம். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போ, பெரும்பாலும் குழாய் இருக்கும், குடிக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். போகிற வழியில் முதல் உலகப்போர் நினைவுக்கல்லில் பெயர்களைப் படி. முப்பது வீடு இருக்கிற ஊரில் ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வரும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்கிறதே நம் ஊர்க் கல், அதே போருக்குத்தான்.

ஷலோன் பக்கத்து முகாமில் ஒரு கிழவர், அவருடைய அப்பா அம்மா 1936 கோடையில் இரட்டை சைக்கிளில் இதே ஆற்றோரம் வந்தார்களாம். அந்த வருஷம் ஜூனில்தான் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை என்று சட்டம் வந்தது. கூடாரம், அடுப்பு எல்லாம் பின்னால் கட்டி, முதன்முதலாகக் கடலைப் பார்க்கப் போனார்கள். கடல் வரை போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்டேன். இல்லை, வழியில் ஒரு ஊர் பிடித்துப்போய் அங்கேயே மீன் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பினார்கள் என்றார். அதை நான் அம்மாவிடம் சொன்னபோது அவள் உன்னைத்தான் சொன்னாள், நீயும் அப்படி உட்கார்ந்துவிடுகிற ஆள்.

சாப்பாட்டுக்கு, சேன்த் மோர் ஆட்டுப்பால் சீஸ் வாங்குங்கள், நடுவில் ஒரு வைக்கோல் குச்சி இருக்கும், அதைத் தின்றுவிடாதே. எலுமிச்சை ஊறுகாய் அம்மா தனியாகக் கட்டித் தருவாள், பகெத்துக்கு நன்றாகவே போகிறது. எந்தக் கடையில் நுழைந்தாலும் முதலில் போன்ழூர் என்று வணக்கம், அப்புறம்தான் கேள்வி. நீ மறந்திருக்க மாட்டாய், மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடு.

ஜூன் கடைசியில் என்றால் இப்போதே நாந்த் டிக்கெட் பார்க்கவேண்டும். திசையை மாற்ற அவர் ஒத்துக்கொண்டாரா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல், நான் கான்தில் அறை கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா